நீக்க வேண்டிய சொற்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் மகளும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்று எழுதினால் திட்டுவாய். ஆனாலும் எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வேலை அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆங்கிலம் – தமிழ் அகராதிக்குப் புதிய பதிப்பு வருகிறது. புத்தகம் இப்போது இருப்பதைவிட மெலிய வேண்டும் என்று முதலாளியின் மகன் சொல்லிவிட்டார். அவரை நாங்கள் சின்னவர் என்போம். புதுச் சொல் உள்ளே வர வேண்டுமென்றால் பழசு வெளியே போக வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று யாரும் பேசாத, எழுதாத பழைய ஆங்கிலச் சொற்கள் முந்நூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கி, எதற்காக நீக்கலாம் என்ற காரணத்தோடு ஒரு நீள நோட்டில் எழுதியிருக்கிறேன். நோட்டு இத்துடன் வருகிறது. அந்த அகராதியை அட்டையிலிருந்து அட்டைவரை படித்த ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். நீக்கக்கூடாத சொல் ஏதாவது தவறி விழுந்திருந்தால் குறித்து அனுப்பு.

கணினியில் ஏற்றவில்லை, நகலும் எடுக்கவில்லை. என் வேலை எப்போதும் கையெழுத்துதான் என்பது உனக்குத் தெரியும். பத்திரமாக வைத்துக்கொள். அவசரம் இல்லை. பிப்ரவரி முடிவதற்குள் வந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

———

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் அதன் இடத்திலேயே இருக்கிறது. உன் மகளைக் கேட்டதாகச் சொல்.

நோட்டு வந்தது. படித்தேன். பலி ஆட்டிடமே கத்தியைக் கொடுத்து, கூர் சரியாக இருக்கிறதா பார் என்று கேட்பவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

இருநூற்றுப் பதினெட்டாவது சொல் 'ரூத்'. பொருள் இரக்கம். காரணம் என்ற இடத்தில் 'வழக்கொழிந்தது' என்று எழுதியிருக்கிறாய். சரி, 'ரூத்லெஸ்' போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. அப்படியானால் உங்கள் புதுப் பதிப்பில் இரக்கமற்றவன் இருப்பான், இரக்கம் இருக்காது. உன் சின்னவரைப் பற்றி நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அவருக்கு இது பொருத்தம்தான்.

'ஓவர்மாரோ' என்ன பாவம் செய்தது? நாளை மறுநாள் என்று நாம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறோம். ஆங்கிலேயன் அதற்கு ஒரு சொல் வைத்திருந்து தொலைத்துவிட்டான். தொலைத்தவன் அவன், தண்டனை எனக்கா?

எனக்கு என்றுதான் சொல்கிறேன். என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டு உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். உனக்குப் புது அகராதி வாங்கிக் கொடுத்தார்கள். அட்டை கிழிந்த பழசு எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கொதிகலனில் ஒரு தொகுதி விரிப்பு வெந்து வருவதற்குள் அரைப் பக்கம் படிப்பேன். பதினொரு வருடத்தில் முடித்தேன். நீ படித்தவன். நான் படித்துக்கொண்டவள். புத்தகம் பழசு, அதனால் என் ஆங்கிலமும் பழசு. அதில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? சிவப்பு மையில் பதினேழு இடத்தில் வட்டம் போட்டு, 'இப்போது யாரும் இப்படி எழுதுவதில்லை' என்று திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு உனக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேனா? நாற்பத்தேழு வருடம் ஆகிறது.

இந்த நோட்டு அந்தச் சிவப்பு மையின் பெரிய அண்ணன்.

நாற்பது சொற்களுக்கு டிக் போட்டிருக்கிறேன். அவை அகராதியில் இருக்கும் என்று நீ எழுத்தில் கொடுத்தால் நோட்டு வரும். அதுவரை என் துணி அலமாரியில் விரிப்புகளுக்கு அடியில் இருக்கும்.

சளி பிடிக்கும் காலம். காதைக் கட்டிக்கொண்டு போ.

அக்கா

———

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம்.

ரூத் விஷயத்தை இன்று சின்னவரிடம் சொன்னேன். "சார், இரக்கம்னா பிட்டின்னு ஒரு சொல் இருக்கே, அது போதாதா? ஒரு வேலைக்கு எத்தனை ஆளு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. எங்கள் புத்தகத்தை ஜனங்கள் வாங்குவதில்லை. கைபேசியில் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். அவருக்கும் கடையை நடத்த வேண்டும்.

சென்ற இருபது வருடத்தில் யாராவது ஒருவர் ஒரு காரியத்துக்காக எழுதியிருந்தால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. கதை, கவிதையில் அலங்காரமாக வருவது சேராது. அந்த விதிப்படி ஐந்து சொற்களைக் காப்பாற்றப் பார்க்கிறேன். நாற்பது நடக்காது.

நோட்டைப் பிப்ரவரி முடிவுக்குள் அனுப்பினால் எனக்கு நல்லது. அதற்காக அவசரப்பட்டு மாடி இறங்கித் தபால் நிலையத்துக்கு ஓடாதே. யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

முழங்காலுக்கு அந்தத் தைலத்தைப் போடுகிறாயா, இல்லையா? கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்.

தம்பி

———

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. தைலம் போடுகிறேன். நாறுகிறது.

ஒரு காரியத்துக்காக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதானே? விதியை நீதான் சொன்னாய். பிறகு மாற்றக்கூடாது.

எங்கள் குடிநீர்க் குழாய் பத்து நாளாகக் கசிந்துகொண்டிருந்தது. குடிநீர் அலுவலகத்துக்கு முழுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். உன் பட்டியலிலிருந்து பதினான்கு சொற்கள். ஓவர்மாரோவுக்குள் ஆள் வராவிட்டால் மேலிடத்துக்குப் போவேன் என்று முடித்திருந்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, ஓவர்மாரோன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்தத் தெரு?"

"தெரு இல்லப்பா. நாளை மறுநாள்."

"அப்ப நாளை மறுநாள்னே எழுதியிருக்கலாமே?"

"தமிழ்ல ரெண்டு தடவை எழுதினேன். நீங்க கூப்பிடவே இல்லையே."

அன்று மாலையே ஆள் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனான். வழக்கொழிந்த சொல்லா அது? வேலை பார்க்கிற சொல்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பட்டியலின் இன்னும் பதினொரு சொற்களை வைத்து எழுதினேன். பயந்துபோய் வக்கீலிடம் காட்டினாராம். கீழ்வீட்டுக்காரியின் மகன் பகல் பதினொரு மணிவரை தூங்குகிறான். அவனைப் பற்றி அவளுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன், 'ஸ்லகபெட்' என்று. "என்னக்கா, மருந்துப் பேரா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டு மேலே வந்தாள். படுக்கையை விட்டு எழாத சோம்பேறி என்றேன். "அட, இத்தனை நாளா இவனுக்குப் பேரு இல்லாம தவிச்சேனே," என்றாள். இப்போது அவள் கூப்பிடுவது கட்டிடம் முழுக்கக் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் இருபத்தாறு ஆகிவிட்டது. மீதி பதினான்கையும் மாத முடிவுக்குள் எழுதிவிடுவேன். அதன் பிறகு எழுத்தில் வாக்குக் கொடு. நோட்டு வரும்.

உன் மகள் உனக்கு வேளைக்குச் சோறு போடுகிறாளா? போன தடவை உன் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அக்கா

———

மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன்னைப் பற்றித் தெரியவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி எழுதினேன். இன்று மார்ச் ஏழு. நான் எழுதி இரண்டரை வாரத்தில் உன் பதில் வந்துவிடும். இது இருபத்தைந்தாவது நாள். கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்று எழுது, அதற்கு ஒரு தபால் அட்டை போதும். நோட்டை அனுப்பு என்று கண்டித்து எழுதினாலும் சரிதான். அப்படிக்கூட நீ எழுதவில்லை.

நாற்பது சொற்களையும் எழுதி முடித்துவிட்டேன். கடைசி மூன்றை மின்சார அலுவலகத்துக்கு எழுதினேன், அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லாமலே.

தொலைபேசியில் கூப்பிடலாம். கூப்பிட்டால் நீ சுகம் சுகம் என்று சொல்லி வைத்துவிடுவாய். உனக்குப் பேனா பிடித்தால்தான் உண்மை வரும்.

அக்கா

———

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை இப்போது கொஞ்சம் குறைவு.

நீ ஜெயித்தாய். நோட்டை நீயே வைத்துக்கொள். அனுப்ப வேண்டாம். எந்தச் சொல்லைப் பற்றியும் இனிக் கவலைப்படாதே.

குடிநீர் அலுவலகத்துக் கதையை மகளிடம் படித்துக் காட்டினேன். மிகவும் சிரித்தாள்.

வெயில் ஏறுகிறது. மாடியில் சூடு தாங்காவிட்டால் பகலில் கீழ்வீட்டில் போய் இரு.

தம்பி

———

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. சுகம்.

நீ ஜெயித்தாய் என்று எழுதியிருக்கிறாய். இதை நாலு நாளாக மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் சந்தோஷம் வரவில்லை. சின்ன வயதில் நீ சதுரங்கத்தில் தோற்றால் பலகையைக் கவிழ்ப்பாய். பெரியவனான பிறகு தோற்றால் மூன்று பக்கம் விளக்கம் எழுதுவாய். பேசாமல் எழுந்து போகிற வழக்கம் உனக்கு இருந்ததில்லை.

உன் கடிதங்கள் நாற்பது வருடமாக அலுவலகத்துப் பழுப்பு உறையில் வரும். இது கடையில் வாங்கிய வெள்ளை உறை. உள்ளே இருப்பது மகளின் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது.

என்ன நடந்தது? ஒரு வரியில் எழுது. எத்தனை பழைய சொல்லாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

அக்கா

———

ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை அப்பா படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். பதில் எழுத உட்கார்கிறார், எழுந்துவிடுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது அத்தை. மார்ச் முதல் தேதி அந்தப் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டியது. சென்ற வருடமே சின்னவர் அப்பாவை நிறுத்தப் பார்த்தார். கணினி தெரியாது, கை மெதுவாக ஓடுகிறது என்றார்கள். இந்த ஒரு வேலையைத் தேதிக்குள் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று பேச்சு. பட்டியல் எங்கே என்று கேட்டபோது, சரிபார்க்க ஒரு நிபுணருக்கு அனுப்பினேன், திரும்பி வரும்போது தபாலில் தொலைந்துவிட்டது என்று அப்பா சொல்லிவிட்டார். "நகலே இல்லாம யாரு சார் அனுப்புவாங்க?" என்று சின்னவர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நான் சொன்னேன், "அப்பா, அத்தைக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்க, அன்னிக்கே அனுப்பிடுவாங்க" என்று. "அவ ஒவ்வொரு சொல்லா எழுதிக் காப்பாத்திட்டு வர்றா. நடுவுல போய் என் பொழப்பு போகுதுன்னு சொன்னா, உடனே கொடுத்துடுவா. அப்படி அவகிட்ட வாங்கக்கூடாது," என்றார். எனக்கு அது புரியவில்லை. உங்களுக்குப் புரியலாம்.

காலையில் ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். மாலை ஐந்துக்குக் கழற்றுகிறார். வேறு தொல்லை ஒன்றுமில்லை.

அவரைத் திட்டாதீர்கள் அத்தை. உங்களையும் நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
தம்பி மகள்

———

ஏப்ரல் 14

அகராதி அலுவலக உரிமையாளரின் மகனுக்கு,

ஐயா, நான் உங்களிடம் நாற்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவரின் அக்கா. உங்கள் அகராதிப் பட்டியல் தொலையவில்லை. தபாலின் மேல் குற்றமில்லை. என் தம்பி மேலும் இல்லை. அவன் திருப்பிக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் நான் செய்த பிடிவாதத்துக்கு அவன் தலையை வெட்டியிருக்கிறீர்கள்.

நோட்டு பதிவுத் தபாலில் இத்துடன் வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் பார்த்திருக்கிறேன். இருநூற்று எழுபத்திரண்டு சொற்களை நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பதில் மறுப்பு உண்டு, ஆதாரம் பின்னால் ஒட்டியிருக்கிறது. இனி முடிவு உங்களுடையது.

இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரியும். ஆனால் என் ஆங்கிலத்துக்குப் பொருள் பார்க்க உங்களுக்கு அவன்தான் வேண்டியிருக்கும். அவனை நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

அவனை மறுபடி கூப்பிடுங்கள். கேட்பது நான். அவனுக்கு இது தெரியாது.

ஆஸ்பத்திரி விரிப்பு அறை மேற்பார்வையாளர் (ஓய்வு)

———

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. நலம், உண்மையாகவே.

சின்னவர் நேற்று வீட்டுக்கே வந்தார். உன் கடிதத்தையும் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க அக்கா எங்களை ஒரு பிடி பிடிச்சுட்டாங்க சார்," என்றார். காபி குடித்தார். அன்று எல்லோர் முன்னாலும் பேசியதற்கு வருத்தப்பட்டார். வேலை திரும்பக் கிடைக்காது அக்கா. அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண்ணாம். உன் தபாலில் நோட்டு வந்ததும் பட்டியலைக் கணினியில் ஒரு மதியத்தில் போட்டு முடித்துவிட்டாள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன. ரூத்தும்தான்.

நீ உன்னைத் தின்றுகொண்டிருப்பாய் என்று தெரியும். அதனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சொற்களை நீக்க எனக்கும் மனம் வரவில்லை. சின்னவரிடம் மறுக்கத் தைரியம் இல்லை. கொடுத்தால் திருப்பித் தராத ஆள் யார் என்று யோசித்தேன், உனக்கு அனுப்பினேன். நகல் எடுக்காததும் அதற்காகத்தான். நீ தராமல் இருந்தது என் திட்டம். ஆகவே இதில் உன் தவறு ஒன்றும் இல்லை.

சிவப்பு மை பற்றி நாற்பத்தேழு வருடமாகப் பதில் எழுதவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. விடுதியில் என் ஆங்கிலத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்துவதற்கு உலகத்தில் உன் கடிதம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் பதினேழு வட்டம் போட்டேன். ஒன்பது சொல்லுக்கு எனக்கே பொருள் தெரியாது. தெரியாததை எல்லாம் தவறு என்று வட்டம் போட்டுவிட்டேன்.

சாப்பிடு. தைலம் போடு.

தம்பி

———

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் சுமார். மற்றபடி சுகம்.

சிவப்பு மையை முடித்துக்கொள்வோம். ஒன்பது சொல் தெரியாது என்று அன்றைக்கே எழுதியிருந்தால் பொருள் எழுதி அனுப்பியிருப்பேன். போகட்டும்.

உன் திட்டத்தைப் பற்றிப் படித்தேன். அழகாக இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் நீ ஒரு வரி எழுதியிருந்தாய். 'அக்காவிடமிருந்து வந்தவுடன் மார்ச் 1 அச்சுக்கு.' திரும்பி வரக்கூடாது என்று அனுப்பியவன் அப்படி எழுதி வைக்க மாட்டான். மூன்று மாதம் நோட்டு என்னிடம் இருந்தது. நான் ஓரங்களையும் படிப்பவள்.

நீ பொய் சொல்கிறாய். எனக்கு வலிக்கக்கூடாது என்று சொல்கிறாய். வேலை போனது உனக்கு, பொய் சொல்லும் வேலையும் உனக்கே. இதை ஏற்றுக்கொண்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் ஏற்க மாட்டேன்.

அக்கா தம்பியிடம் தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. அதனால் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்தேன். நீ திருப்பிக் கேட்டபோது நான் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது தவறு. சொற்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். சொற்களுக்காக மட்டும் இல்லை. நீ ஒரு தடவை எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காத்திருந்தாய். ஒரு வார்த்தை முனகாமல் காத்திருந்தாய். இதை மறுபடி எழுத மாட்டேன். நீயும் பதிலில் இதைத் தொடாதே.

இனி வேலை விஷயம். நூற்று நாலாவது சொல், 'ஃபெய்ன்'. பொருள் 'விருப்பமாக' என்று எழுதியிருக்கிறாய். அது அரைப் பொருள். வேறு வழி இல்லாதபோதும் மனம் ஒப்பிச் செய்வது என்பது அதன் முழுப் பொருள். இப்படிப் பட்டியலில் முப்பத்தோரு இடத்தில் தவறு பார்த்தேன். அகராதியிலிருந்து போனால் போகட்டும். தவறான பொருளோடு போகக்கூடாது. இதைக் கடிதத்தில் வாதாடி முடிக்க முடியாது. நோட்டு உன்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா.

நீ வரமாட்டாய், தொந்தரவு எதற்கு என்பாய், தெரியும். முன் அறையில் ஜன்னல் ஓரமாக உனக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டேன். கீழ்வீட்டுக்காரியின் மகன்தான் மாடிக்குத் தூக்கிவந்தான், அதுவும் காலை ஏழு மணிக்கு. விற்ற கட்டிலைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடைக்காரன் முதலிலேயே சொல்லிவிட்டான். நானும், திருப்பித் தர வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா